தொப்பியின் கிழிசலும் கோட்டுப்பையின் துகளும்

1920 ஏப்ரல் 15. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தெற்கு பிரெயின்ட்ரீ என்னும் சிற்றூர். காலணித் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்த இருவரைப் பட்டப்பகலில் சுட்டுவிட்டு, 15,776 டாலருடன் காரில் பறந்தது ஒரு கும்பல். சுடப்பட்ட இருவருமே பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவரான காவலாளி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துணித்தொப்பி கிடந்தது. அதன் உள்துணியில் ஒரு கிழிசல்.

வேறொரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த நிக்கோலா சாக்கோ என்ற இத்தாலியர் கைதானார். கூடவே மீன் விற்றுப் பிழைத்துவந்த பார்த்தலோமியோ வான்செட்டி. அரசு என்ற அமைப்பே கூடாது என்ற கொள்கைக்காரர்கள் இருவரும். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதுவே பாதிக் குற்றம். தொப்பியைக் காட்டிக் கேட்டபோது சாக்கோவின் மேற்பார்வையாளர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். நிறத்தில் இது சாக்கோவின் தொப்பி மாதிரி இருக்கிறது. வேலை நேரத்தில் சாக்கோ தன் தொப்பியை ஓர் ஆணியில் மாட்டிவைப்பது வழக்கம். போதாதா? ஆணி, ஆணி கிழித்த துணி, துணி இருந்த தொப்பி, தொப்பிக்குரிய ஆள் என்று முடிச்சு விழுந்துவிட்டது. 1921இல் இருவரையும் குற்றவாளிகள் என்றது ஜூரி.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஆளுநர் அமைத்த மறுஆய்வுக் குழுவின் முன் ஒருவர் வந்தார். கொலை நடந்தபோது அந்த ஊரின் காவல்துறைத் தலைவராக இருந்தவர். தொப்பிக்குள் பெயரோ அடையாளமோ இருக்குமா என்று தேடியபோது உள்துணியைக் கிழித்தது தானே என்றார். அற்ப விஷயம் என்று குழு அதை ஒதுக்கிவிட்டது. 1927 ஆகஸ்ட் 23 அன்று இருவரும் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள்.

சாக்கோ சுட்டாரா இல்லையா என்ற சண்டை நூறாண்டாக ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. என் கண் அந்தக் கிழிசலின் மேல்தான். கிழித்தது ஆணியல்ல, போலீஸ்காரர் கை என்று தெரிந்தபோது வழக்கில் எது எது சரிந்திருக்க வேண்டும்? எவ்வளவு? எது சரியாமல் நின்றிருக்கலாம்? மனக்கணக்காக இதற்குப் பதில் சொல்ல முடியாது. 'அற்ப விஷயம்' என்று சொல்வதும் மனக்கணக்கு, 'வழக்கே பொய்' என்று சொல்வதும் மனக்கணக்கு. காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டிய விவகாரம் இது. வரைய ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். நீதிமன்றங்கள்தான் இன்னும் தயங்குகின்றன.

நம் பத்திரிகைகளில் கொலை வழக்குச் செய்தி என்றால் 'சாட்சியச் சங்கிலி' என்ற சொல் வந்தே தீரும். சங்கிலி அறுந்ததால் விடுதலை, சங்கிலி முழுமையாக இருந்ததால் ஆயுள் தண்டனை. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்குகளில் இந்த உவமைக்கு உச்ச நீதிமன்றத்தின் முத்திரையும் உண்டு. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கின் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சந்தர்ப்ப சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து, சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும் என்றது.

ஆனால் சங்கிலிக்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது பங்கு உறுதி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்து தாங்கும் வாய்ப்பு 59 சதவீதம்தான். கண்ணி கூடக் கூடச் சங்கிலி பலவீனமாகிறது. சாட்சியங்கள் கூடக் கூட வழக்கு பலப்படுகிறது என்றல்லவா நாம் நினைக்கிறோம்? இந்த முரணை 1866இலேயே இங்கிலாந்து நீதிபதி பொல்லாக் கவனித்தார். சந்தர்ப்ப சாட்சியத்தைச் சங்கிலியோடு ஒப்பிடக் கூடாது, பல புரிகளை முறுக்கித் திரித்த கயிறு என்று கொள்ள வேண்டும் என்றார். ஒரு புரி அறுந்தாலும் மற்றவை தாங்கும்.

கயிறு மேலானதுதான். அதுவும் போதாது. சாக்கோவின் தொப்பியையே பாருங்கள். நிறம் ஒரு புரி, கிழிசல் இன்னொரு புரி என்று தோன்றும். கிழிசல் எதையாவது சொல்ல வேண்டுமானால், ஆணியில் மாட்டும் வழக்கம் உண்மையாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் சொன்னது சரியாக இருக்க வேண்டும். வேறு யாரும் அந்தத் துணியைத் தொட்டிருக்கக் கூடாது. இது ஒரு சின்னச் சங்கிலி. அதன் முனை ஒரு பெரிய கயிற்றில் கோக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கயிற்றின் வேறு சில புரிகளோ ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை. இதற்குப் பெயர் வலை. மீனவர் வலையைப் போல, ஒரு முடிச்சை இழுத்தால் எங்கெங்கோ அசையும்.

இந்த வலையை முதலில் காகிதத்தில் வரைந்தவர் ஜான் ஹென்றி விக்மோர். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைத் தலைவர். சாட்சியச் சட்டம் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய மனிதர், 1913இல் திடீரென்று சதுரம், வட்டம், முக்கோணம், அம்புக்குறி என்று இறங்கினார். சாட்சி வாயால் சொன்னது சதுரம். சூழ்நிலை காட்டும் செய்தி வட்டம். எது எதற்கு ஆதரவு என்பதற்கு அம்பு. எதிர்த்தரப்பின் மாற்று விளக்கம் பக்கவாட்டிலிருந்து வந்து முட்டும். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று பண்ணையாட்கள் இருவரிடையே நடந்த ஒரு கொலை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி மக்கள் இருப்பதாகக் கொல்லப்பட்டவர் பாதிரியாருக்குப் பொய்க் கடிதம் எழுதியிருந்தார். அதனால் கல்யாணம் தடைப்பட்டது. எனவே கோபம், எனவே கொலை. பக்கத்திலிருந்து ஓர் எதிர்க்குறி வருகிறது: கல்யாணம் பிறகு நடந்துவிட்டதே, கோபம் ஆறியிருக்காதா? அதன் மேல் இன்னொரு குறி: பொய் சொன்னவன் அதே பண்ணையில் தினமும் கண்ணெதிரே நடமாடினால் எப்படி ஆறும்? வக்கீல்கள் நாக்கால் செய்யும் வேலையை விக்மோர் பென்சிலால் செய்தார். அவருடைய தொழில்காரர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். படம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தூங்கியது.

விக்மோரின் படத்தில் அம்பு உண்டு, எடை இல்லை. எந்த அம்பு எவ்வளவு தாங்கும் என்று சொல்ல அவரிடம் கணக்கு இல்லை. கணக்கோ அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாதிரியார் தாமஸ் பேயஸ் விட்டுச்சென்றது அது. சாட்சியங்களுக்கு ஏற்றபடி அதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கலாம். இவர் குற்றவாளி என்றால் இந்தத் தடயம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? இவர் குற்றவாளி இல்லை என்றால் இதே தடயம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் வருவது தடயத்தின் எடை. பத்து வந்தால் சந்தேகம் பத்து மடங்கு பலப்படுகிறது. ஒன்று வந்தால் தடயம் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒன்றுக்குக் கீழே வந்தால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம். நாம் எல்லோரும் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள். போலீஸும், பத்திரிகையும், டீக்கடையும் இதில் ஒரே கட்சி.

கிழிசலுக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. தொப்பி சாக்கோவுடையது என்றால் ஆணியால் அப்படிக் கிழிந்திருக்கும் வாய்ப்பு 10இல் 6. வேறு யாருடையதோ என்றால் 10இல் 1. எடை ஆறு, கனமான தடயம். இப்போது காவல்துறைத் தலைவர் வருகிறார். அவர் கையே கிழித்தது என்றால், தொப்பி சாக்கோவுடையதானாலும் வேறு எவருடையதானாலும் கிழிசல் இருந்தே தீரும். எடை ஒன்று. கிழிசல் பொய்யாகிவிடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பேச்சை நிறுத்திவிட்டது. ஆறு ஒன்றாவது அற்ப விஷயமா? நிறம் ஒத்துப்போனது என்ற புரி மட்டும் மிச்சம். அந்த நிறத்துத் தொப்பி மாசசூசெட்ஸில் எத்தனை தலைகளில் இருந்ததோ!

ஒரு வழக்கில் தடயம் ஒன்றிரண்டு என்றால் இப்படிக் கையால் போடலாம். இருபது 'ஆம்/இல்லை' கேள்விகள் இருந்தால் அவை சேரும் விதங்கள் 10,48,576. யார் எண் கொடுப்பது? இந்த மலைப்பைத் தீர்த்தவர் கலிபோர்னியாவின் கணினி அறிவியலாளர் ஜூடியா பெர்ல். 1985இல் 'பேயஸ் வலை' என்று பெயரிட்டவர் அவரே. 2011ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதும் பெற்றார். அவர் சொன்னது எளிமையானது. எல்லாமே எல்லாவற்றையும் பாதிப்பதில்லை. எது எதை நேரடியாகப் பாதிக்கிறதோ அங்கே மட்டும் அம்பு போடு. ஒவ்வொரு கேள்வியும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவுக்கும் அதற்குள் வரும் அம்புகளைப் பொறுத்து மட்டும் எண் கொடு. எந்தக் கணுவுக்கும் மூன்று அம்புகளுக்கு மேல் வரவில்லை என்றால் பத்து லட்சம் எண்கள் 160க்குள் அடங்கிவிடும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இந்த வலைக்கு ஓர் அழகான குணம் உண்டு. விடிகாலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசல் ஈரம். ராத்திரி மழையா? அல்லது யாராவது வாசல் தெளித்துவிட்டார்களா? இரண்டும் மனதில் எழுகின்றன. கொஞ்சம் தள்ளி, கலையாத ஒரு கோலம் கண்ணில் படுகிறது. மழை பெய்திருக்கும் என்ற எண்ணம் அப்போதே தளர்ந்துவிடுகிறது. வானத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஈரத்துக்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மழையும் வாசல் தெளிப்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஈரம் என்ற ஒரே விளைவில் சந்தித்ததால் இப்போது ஒன்றின் எடை மற்றொன்றைத் தணிக்கிறது. கிழிசலில் ஆணியும் போலீஸ்காரர் கையும் சந்தித்ததும் இதேபோலத்தான். வக்கீல்கள் குறுக்கு விசாரணையில் அன்றாடம் செய்வதும் இதுதான், கோலத்தைத் தேடுவது.

சாக்கோ–வான்செட்டி வழக்கையே இப்படி வரைந்து பார்த்தார்கள், ஜோசப் கடேன் என்ற புள்ளியியலாளரும் டேவிட் ஷம் என்ற ஆய்வாளரும். 1996இல் வெளியான அவர்களுடைய நூலில் நூற்றுக்கணக்கான சாட்சியங்கள் விக்மோர் பாணிப் படங்களாக விரிகின்றன. மேலே நிகழ்தகவுக் கணக்கு. 'சாக்கோ குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம்' என்று ஒற்றை எண்ணை நீட்டி வேலையை முடிக்காதது அவர்கள் நேர்மை. வேறு வேறு பார்வைகொண்டவர்கள் கொடுக்கும் வேறு வேறு எண்களைப் போட்டு, வலை எப்படி எப்படி அசைகிறது என்று காட்டினார்கள்.

சாட்சியைப் பற்றி ஷம் வைத்திருந்த மூன்று கேள்விகள் எனக்குப் பிடித்தமானவை. தான் நம்புவதைத்தான் சொல்கிறாரா? கண்டதை வைத்துத்தான் நம்பினாரா, நம்ப விரும்பியதை நம்பினாரா? கண்ணும் காதும் அந்த வெளிச்சத்தில், அந்தத் தூரத்தில் ஒழுங்காக வேலை செய்திருக்குமா? 'சாட்சி சொன்னார்' என்பதற்கும் 'நடந்தது' என்பதற்கும் நடுவே இந்த மூன்று கணுக்கள் நிற்கின்றன. பேச்சில் தாண்டிவிடலாம், படத்தில் தாண்ட முடியாது; காலி வட்டம் முறைத்துக்கொண்டு நிற்கும்.

அம்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயர உதாரணம் இருக்கிறது. சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகள், 1996இலும் 1998இலும், அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று வழக்கு. அவர்களைப் போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்றார் ஒரு குழந்தை மருத்துவ நிபுணர். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு குழந்தைகளுக்கு 7.3 கோடியில் ஒன்று என்றும் சொன்னார். பெருக்கலாமா? ஒரு மரணத்துக்கும் மற்ற மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றால்தான் பெருக்கலாம். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே மரபணுக்கள். 'குடும்பத்திலுள்ள பொதுக் காரணம்' என்று ஒரு கணு போட்டு இரு மரணங்களுக்கும் அம்பு விட்டிருந்தால் அந்தப் பெருக்கல் நின்றிருக்காது. தவிர, ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்வது எவ்வளவு அபூர்வம் என்ற மறுபக்கக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அபூர்வத்தை அபூர்வத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 1999இல் ஆயுள் தண்டனை. 2001இல் ராயல் புள்ளியியல் சங்கம் வெளிப்படையாகவே கண்டித்தது. 2003இல் தண்டனை ரத்தானது, அதுவும் முக்கியமாக, மறைக்கப்பட்டிருந்த ஓர் ஆய்வக அறிக்கை வெளிவந்ததால். விடுதலையான நான்கே ஆண்டுகளில் அவர் இறந்தார்.

இத்தனைக்குப் பிறகும் நீதிமன்றங்கள் ஏன் தயங்குகின்றன? காரணம் வலுவானதுதான். 1990களில் இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பவர் மீதான வழக்கில், டிஎன்ஏ பொருத்தம் 20 கோடியில் ஒன்று என்றது அரசுத் தரப்பு. பாதிக்கப்பட்ட பெண்ணோ அணிவகுப்பில் அவரை அடையாளம் காட்டவில்லை. சம்பவ நேரத்தில் தன்னோடு இருந்தார் என்று அவருடைய காதலியும் சொன்னார். டிஎன்ஏ எண்ணோடு இவற்றையும் சேர்த்து எடைபோட, பேயஸ் கணக்கை ஜூரிக்கே கற்றுக்கொடுக்க முனைந்தது எதிர்த்தரப்பு. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. சாதாரண மனிதர்கள் சூத்திரத்தில் மூழ்கத் தேவையில்லை, பொது அறிவால் எடைபோடட்டும் என்பது அதன் கருத்து. 'பொய் சொல்லும் வாய்ப்பு 10இல் 3' என்று ஒரு சாட்சிக்கு எண் கொடுப்பது அபத்தமாகத் தோன்றுவதும் இயல்பே. எண் இல்லாமல் எடைபோடுகிறவரும் உள்ளுக்குள் ஏதோ ஓர் எண்ணை வைத்துத்தான் போடுகிறார் என்பது என் கட்சி. வெளியே வைத்தால் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், 3ஐ 6 ஆக்கி, முடிவு மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறாவிட்டால் அந்தச் சாட்சியைப் பற்றிய சண்டையே வீண்.

நம் சட்டம் இதற்கு அந்நியமும் அல்ல. 1872இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம், 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லையே வாய்ப்பை வைத்துத்தான் விளக்கியது: விவேகமுள்ள ஒருவர் நம்பிச் செயல்படும் அளவுக்கு ஒன்று நடந்திருக்க வாய்ப்பு இருந்தால் அது நிரூபணம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த விளக்கத்தைக் கைவிடவில்லை. 1984 தீர்ப்பிலும் சங்கிலி என்ற உவமையை எடுத்துவிட்டுப் பார்த்தால், குற்றம் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்ற விதி நிற்கிறது. அது நாம் மறக்கும் இரண்டாவது கேள்விதான்.

இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது ஒருமுறை சூத்திரம் இல்லாமலே நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று, லண்டனில் பிபிசி தொலைக்காட்சியின் புகழ்பெற்ற தொகுப்பாளர் ஜில் டாண்டோ, தன் வீட்டு வாசலிலேயே ஒரே குண்டில் கொல்லப்பட்டார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அரை மைல் தொலைவில் வசித்த பேரி ஜார்ஜ் என்பவரின் கோட்டு ஒன்றைப் போலீஸ் எடுத்துப்போனது. ஆய்வகத்தில் அதன் உள்பையில் ஒரு துகள் கிடைத்தது. ஒரே ஒரு துகள், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. துப்பாக்கி வெடிக்கும்போது தெறிக்கும் வகை. டாண்டோவின் தலைமுடியில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போனது. 2001இல் தண்டனை.

கோட்டு நேரே ஆய்வகத்துக்குப் போகவில்லை என்பது வழக்கில் வந்த செய்தி. அதற்கு முன் போலீஸ் படப்பிடிப்பு அறையில் ஒரு பொம்மைக்கு மாட்டிப் படம் எடுத்திருந்தார்கள். ஒரு துகள் ஒட்டிக்கொள்ள எத்தனையோ வழிகள். ஆனால் அப்படித் தற்செயலாக ஒட்டுவது மிக அபூர்வம் என்ற எண்ணமே ஜூரியின் மனதில் நின்றது. அபூர்வம்தான். மறுபக்கம்?

பிரிட்டனின் தடயவியல் சேவை நிறுவனம் அந்த மறுபக்கத்தை ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டது. ஜார்ஜ் சுடவில்லை என்றால் இப்படி ஒரு துகள் கிடைக்க வாய்ப்பு 100இல் ஒன்று. அவரே சுட்டார் என்றால்? ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பையில் ஒரு துகள் மிஞ்சியிருக்கும் வாய்ப்பும் 100இல் ஒன்றுதான். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒன்று. துகள் கிடைக்காமலே போயிருந்தாலும் வழக்கு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். இந்த 'ஒன்று' என்பதும் எந்த இரு விளக்கங்களை எதிரெதிரே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது, அதை வைத்து மட்டும் தடயத்தைத் தூக்கி எறிய முடியாது என்று லண்டன் கணிதவியலாளர் நார்மன் ஃபென்டனும் அவர் குழுவும் 2014இல் வாதிட்டது தனிக்கதை. கூற்றுகளைச் சரியாக வரைவதே பாதி வேலை.

2007 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மறு விசாரணையில் துகளைப் பற்றி ஜூரியிடம் பேசவே அனுமதி இல்லை. 2008 ஆகஸ்ட் 1 அன்று பேரி ஜார்ஜ் குற்றமற்றவர் என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஜில் டாண்டோவைச் சுட்டவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.